ஒரு லாட்டுக்கு ஒரு சாம்பிள்

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில், பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் இடது கைப்பக்கம் இருக்கிற கொங்குதேவி ஸ்பின்னிங் மில்லில் 1996-ஆம் வருஷம் கொழுப்பு ஒழிக்கப்பட்டது. நம்பாதவர்கள் ஆபீஸ் வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் ஷீல்டைப் பார்த்துக்கொள்ளலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஷீல்டுக்கு ரத்தம் கொடுத்தவன் காளிச்சாமி. நூலைக் கோன்களில் சுற்றுகிற வைண்டிங் டிபார்ட்மென்டில், மாடியிலும் கீழேயும் பறக்கிற பஞ்சுத்தூசியைக் கூட்டி அள்ளுவது அவன் வேலை. எடை நாற்பத்துநாலு கிலோ, விளக்குமாறு சேர்த்து. கொழுப்பு என்றால் ஆட்டுக்கறிக் கடையில் தனியாக எடுத்து வைப்பார்களே, அது என்பதுதான் அவனுக்குத் தெரியும். அதையும் அவனுக்கு யாரும் நிறுத்துப் போட்டதில்லை.

எல்லாம் சேர்மன் வெங்கடபதியின் நெஞ்சிலிருந்து ஆரம்பித்தது. அவருக்கு அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு மெட்ராசில் நெஞ்சைத் திறந்து, அடைத்துப்போன குழாய்களுக்குப் பக்கத்தில் வேறு குழாய் வைத்துத் தைத்தார்கள். ஊர் திரும்பியவர் வாயில் ரெண்டே வார்த்தைகள்தான் இருந்தன. ஒன்று எல்.டி.எல்., இன்னொன்று ட்ரைகிளிசரைட். ரெண்டும் ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பின் பெயர்கள். கேண்டீனுக்கு முன்னால் பந்தல் போட்டு, 'கொழுப்பில்லாக் கொங்குதேவி' இயக்கத்தை அவரே தொடங்கி வைத்தார்.

"என்ற நெஞ்சப் பொளந்தப்ப எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது நீங்கதான்" என்றார் சேர்மன். மைக் கொஞ்சம் அழுதது, அவரும் அழுதார். "ஏன்னு படுத்துட்டே யோசன பண்ணுனேன். நான் ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தேன், ஒரு மெசின் நிக்கலீங்க. ஆனா நீங்க ரெண்டு நாள் படுத்தா மில்லே நின்னு போகும். அப்ப யாரோட நெஞ்சு முக்கியம்? உங்க நெஞ்சுதான்! அது உங்களுதுன்னு நெனச்சுப்போடாதீங்க. அது மில்லோட நெஞ்சு!"

ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் யாரும் முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ராகுகாலம் கழித்து வந்த சேர்மனும் விருந்தாளிகளும் மேடைக்குப் பின்னால் நெய் ரோஸ்ட் சாப்பிட்டு, வாய் துடைத்து, பிறகு கொழுப்பைப் பற்றிப் பேசி முடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் டிபார்ட்மென்டுப் பெண்கள் ரெண்டு பேர் பந்தலிலேயே மயங்கி விழுந்தார்கள். இயக்கத்தின் பலன் உடனடியாகத் தெரிய ஆரம்பித்தது என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

அடுத்து எடை. பஞ்சு பேல் நிறுக்கிற பிளாட்பாரத் தராசிலேயே ஆட்களையும் ஏற்றினார்கள். பேலுக்குச் சாக்கு, கம்பி என்று ரெண்டு கிலோ கழிக்கிற வழக்கம் கைக்குப் பழகிவிட்டதால் ஆளுக்கும் ரெண்டு கிலோ கழித்தார்கள். வைண்டிங் மேஸ்திரி சுப்பையன் தொண்ணூற்றெட்டு கிலோவாகத் தராசில் ஏறி, தொண்ணூற்றாறு கிலோவாக இறங்கினார்.

"பாத்தியா காளிச்சாமி! ஏறி எறங்குனதுக்கே ரெண்டு கிலோ போயிருச்சு."

"எனக்குமுங்க மேஸ்திரிங்க. நாப்பத்திரெண்டுன்னு எழுதிப் போட்டாங்க. ஊட்டுல போய்ச் சொன்னா என்ற பொண்டாட்டி பழனியாத்தா அழுவா."

சுப்பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவர் பேச்சில் இருக்கும். வாரத்தில் ரெண்டு நாள் பொழுது சாய ஒரு குவார்ட்டர். ஒப்புட்டுப் போளிக்கு மேலே நெய் ஊற்றினால் போதாது, நெய்க்குள் ஒப்புட்டு இருக்க வேண்டும். ஆள் முரடர் இல்லை. காளிச்சாமியை ஒரு நாளும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, வாசலில் நின்றபடியே மொய் வைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார். அதற்கே காளிச்சாமி வீட்டில் பெருமைப்பட்டார்கள்.

இனி ரத்தம். மொத்த மில்லுக்கும் ரத்தம் பார்ப்பது என்றால் ஆகிற செலவு சேர்மனின் நெஞ்சுக்கு நல்லதல்ல என்று தெரிந்ததும், தரக்கட்டுப்பாட்டு ஆபீசர் ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். மில்லுக்கு அப்போதுதான் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வந்திருந்தது. வாங்கித் தந்தவர் அவர்தான். அன்றிலிருந்து கக்கூசில் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட படி ஒன்று, படி இரண்டு என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"ஒரு லாட்டு நூலு, ஆயிரம் கோனு, ஜப்பானுக்குப் போகுது. ஒவ்வொரு கோனையும் பிரிச்சா பாக்கறோம்? ஒரு கோன எடுத்து டெஸ்ட் பண்றோம். அது பாசுன்னா லாட்டே பாசு. ஜப்பான்காரனே ஒத்துக்கறான். நூலுக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயமுங்களா? ஒரு டிபார்ட்மென்டுங்கறது ஒரு லாட்டு. லாட்டுக்கு ஒரு சாம்பிள். இதுல மனுசனுக்குத் தனிச் சலுகை காட்ட முடியாதுங்க."

கூட்டம் கைதட்டியது. பசி வேறு.

சாம்பிள் கோன் எடுப்பதற்கு மில்லில் ஒரு முறை உண்டு: தள்ளுவண்டியில் எது மேலாக இருக்கிறதோ, எது கைக்குச் சுலபமாக வருகிறதோ, அதை எடுப்பது. நர்ஸ் உம்மல் குல்சும் ஊசியோடு வைண்டிங்குக்கு வந்தபோது வாசலில் கூட்டிக்கொண்டிருந்தவன் காளிச்சாமி. கையை நீட்டச் சொன்னார். தோலுக்கு மேலே நரம்பு கயிறு மாதிரி ஓடியது.

"இந்த மாதிரி நரம்பப் பாத்து எத்தன நாளாச்சு! அந்த மேஸ்திரி கையில தேடறதுன்னா கெணறு வெட்டோணும்" என்றார் உம்மல் குல்சும்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. வைண்டிங் டிபார்ட்மென்ட்: எல்.டி.எல். எண்பத்திரெண்டு, ட்ரைகிளிசரைட் தொண்ணூற்றாறு. டிபார்ட்மென்டில் இருந்த அத்தனை பேருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை பேட்ஜ் கொடுத்தார்கள். 'கொழுப்பு: நார்மல்'. ஊருக்குள் டீக்கடையில் காளிச்சாமிக்கு இன்னும் தனி டம்ளர்தான். மில்லுக்குள் அவன் ரத்தம் எல்லாருக்கும் பொதுவாயிற்று.

சுப்பையன் பச்சை பேட்ஜை வீட்டில் காட்டினார். மனைவி செல்லாத்தாள் சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு கிலோ கறி எடுத்தாள்.

ஆடி பிறந்து காற்று வீசுகிற நாட்களில் சுப்பையன் மாடிப்படியில் நடுவழியில் நிற்க ஆரம்பித்தார். ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு, மேலே ஏதோ மெசின் சத்தத்தைக் கவனிக்கிறவர் மாதிரி நிற்பார். கீழே கூட்டுகிற காளிச்சாமிக்கு அந்த மெசின் அன்றைக்கு ஓடவில்லை என்று தெரியும்.

"மேஸ்திரிங்க, முடியலீங்களா?"

"நெஞ்சு மேல யாரோ உக்காந்தாப்புல இருக்குது. சித்த நின்னா எந்திரிச்சுப் போயிருவான்."

மில் டிஸ்பென்சரியில் டாக்டர் சாய்குமார் இருந்தார். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டைத் தொடுகிறவர். சுப்பையனோடு காளிச்சாமியும் போய் வாசல்படியில் நின்றான்.

"எல்.டி.எல். எண்பத்திரெண்டு! எனக்கே நூத்தி அம்பதுங்க. உங்களப் பாத்தாப் பொறாமையா இருக்குது" என்றார் டாக்டர்.

"அது இவனோட ரத்தமுங்க" என்று சுப்பையன் வாசலைக் காட்டினார். "எனக்குத் தனியா ஒருக்கா எடுத்துப் பாத்தா..."

"அது டிபார்ட்மென்டோட ரத்தமுங்க. நீங்க டிபார்ட்மென்டுல இல்லீங்களா?"

"இருக்கறனுங்க."

"அப்பறமென்ன? நார்மல் ஆளுக்கு நான் பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தா, மில்லோட ரிப்போர்ட்டு பொய்யின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. வாயுத் தொல்லையா இருக்கும். ஓமத்தண்ணி குடிங்க."

வெளியே வந்ததும் காளிச்சாமி சொன்னான்: "டவுனுக்கு பஸ் ஏறுனா லேபு நெறையா இருக்குதுங்க. போய்க் கையக் குடுத்துட்டு வந்துரலாமுங்க."

சுப்பையனுக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருந்தது. "சேர்மன் அவ்வளவு தூரம் பேசி, பேட்ஜ் குடுத்து, நல்லா இருக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. நான் போய் வெளியில டெஸ்ட் பண்ணுனா அவிய மனசு என்ன பாடுபடும்? நாளைக்கு மூஞ்சியில எப்படி முழிக்கறது? பையனுக்கு இங்கயே வேல கேட்டு வெச்சிருக்கறேன் வேற."

கொங்குச் சீமையில் பலபேர் உயிரைவிட மேலாக வைத்திருக்கிற மரியாதை இது. எதிராளி வருத்தப்படுவாரே என்று இலையில் வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, அதே காரணத்துக்காக வைத்தியமும் பார்க்காமல் இருப்பது. காளிச்சாமிக்கு அந்த மரியாதை புரிந்தது. புரிந்ததால்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பதில், அடுத்த சாம்பிள் நாளில் காளிச்சாமி உட்கார வேண்டிய ஸ்டூலில் சுப்பையன் உட்கார்ந்தார். உம்மல் குல்சும் அந்தக் கையைப் பார்த்தார். கிணறு வெட்ட வேண்டிய கை. பிறகு தூணுக்குப் பின்னால் விளக்குமாறோடு நின்றவனைப் பார்த்தார்.

"காளிச்சாமி, போன தடவைக்கு இந்தத் தடவ நல்லா ஊறியிருக்கற" என்றார் சுப்பையனிடம். ஊசியை ஏற்றி, குப்பியில் காளிச்சாமி என்றே எழுதினார். "அல்லா பாத்துக்குவான். ஆபீசர் பாக்காம இருந்தாச் செரி."

அவர்கள் கணக்கு இதுதான்: லாட்டு ஃபெயில் ஆனால் எல்லாருக்கும் தனித்தனியாக ரத்தம் பார்ப்பார்கள். அப்போது யார் மனசும் வருத்தப்படாமல் சுப்பையனுக்கு வைத்தியம் நடக்கும்.

லாட்டு ஃபெயில் ஆனது. எல்.டி.எல். நூற்றுத் தொண்ணூற்று நாலு, ட்ரைகிளிசரைட் முன்னூற்று எண்பது. டாக்டர் சாய்குமார் ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் படித்தார். இப்படியே விட்டால் ஆள் என்றைக்கு வேண்டுமானாலும் போய்விடுவான் என்றார். ஈஸ்வரமூர்த்தி உடனடியாகக் கூட்டம் போட்டார்.

"ஃபெயில் ஆனா என்ன பண்ணோணுமின்னு ஐ.எஸ்.ஓ.ல தெளிவா இருக்குதுங்க. குத்தம் எங்க தெரிஞ்சுதோ, அங்க சரி பண்ணோணும். எங்க தெரிஞ்சுது? சாம்பிள்ல. சாம்பிளச் சரி பண்ணுங்க, லாட்டு தானாச் சரியாயிரும்."

அன்று மத்தியானம் முதல் காளிச்சாமி இளைக்க வைக்கப்பட்டான்.

கேண்டீனில் அவன் தட்டில் எண்ணெய் விழக்கூடாது என்று உத்தரவு. அவித்த புடலங்காயும் ஒரு கரண்டி சோறும் மிளகு ரசமும். அவன் மோர் கேட்டபோது பரிமாறுகிறவன் ஆபீசைத் திரும்பிப் பார்த்தான். வேலை முடிந்ததும் பஞ்சுக் கோடவுனைச் சுற்றி நடக்க வேண்டும். பட்டணத்திலிருந்து வரவழைத்த புது மாத்திரை வேறு, தினம் ஒன்று, நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். சர்க்கரை தொடக்கூடாது, சாராயம் தொடக்கூடாது, உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன புத்தி அத்தனையும் நல்ல புத்தி. கேட்க வேண்டியவர் நாற்பதடி தள்ளி, பச்சை பேட்ஜோடு நின்றார். ஒரு ஃபெயிலுக்கு பேட்ஜைப் பிடுங்க விதியில்லை.

காளிச்சாமி மூன்றாம் நாளே ஈஸ்வரமூர்த்தியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான்.

"ஐயா, அது என்ற ரத்தமில்லீங்க. மேஸ்திரியோடதுங்க. அவியளுக்குத்தான் வைத்தியம் பாக்கோணுமுங்க."

ஈஸ்வரமூர்த்தி பேனாவை மூடினார். "சாம்பிள மாத்துனீங்களா?"

காளிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான்.

"சாம்பிள மாத்தறது கம்பெனிக்குப் பண்ற துரோகம். ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா ஆர்டரே போயிரும். நெசமாச் சொல்றயா? அப்ப மேஸ்திரிக்கும் உனக்கும் நர்சம்மாளுக்கும் இன்னைக்கே சீட்டக் கிழிச்சர்றேன். இல்ல, பசியில ஒளர்றயா?"

காளிச்சாமி சுப்பையனின் பையனை நினைத்தான். நர்சம்மாளை நினைத்தான். "பசியில ஒளர்றனுங்க" என்றான்.

"அப்படிச் சொல்லு. போய் நட."

அவன் நடந்தான். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு நடந்தான். உம்மல் குல்சும் அவன் வாயைப் பார்க்கும் நேரத்தில் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோடவுனுக்குப் பின்னால், மாத்திரையை எடுத்து பஞ்சுக்கழிவில் பொதிந்து சுப்பையனிடம் நீட்டினான்.

சுப்பையன் அதைப் பார்த்தார். பாதி கரைந்து, எச்சிலோடு பளபளத்தது. இருபது வருஷமாக இவன் வீட்டு வாசலில் தண்ணீர் குடிக்காதவர். கொஞ்ச நேரம் அவர் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.

"கழுவிக்கலாமுங்க" என்றான் காளிச்சாமி.

சுப்பையன் குழாயடிக்குப் போய்க் கழுவினார். கழுவினதில் மீதியும் கொஞ்சம் கரைந்தது. மிச்சத்தை விழுங்கிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்தார். அடுத்த நாள் கழுவாமல் விழுங்கினார்.

சாயங்காலங்களில், சாம்பிள் சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிற சாக்கில் சுப்பையனும் கோடவுனைச் சுற்றினார். குவார்ட்டரை விட்டார். ஒப்புட்டு தனியாகவும் நெய் தனியாகவும் இருக்கலாம் என்று வீட்டில் சொன்னார். செல்லாத்தாள் அவருக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தாள். புரட்டாசி பாதியில் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று கீழே பார்த்துச் சிரித்தார்.

"காளிச்சாமி! உக்காந்திருந்தவன் எந்திரிச்சுட்டாண்டா!"

காளிச்சாமி அண்ணாந்து பார்த்தான். அவன் முப்பத்தொன்பது கிலோவுக்கு வந்திருந்தான். விளக்குமாறைத் தரையில் ஊன்றி அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் சிரித்தான்.

மூன்றாவது சாம்பிளுக்கு டாக்டரும் ஈஸ்வரமூர்த்தியும் பக்கத்திலேயே நின்றார்கள். ஸ்டூலில் காளிச்சாமியே உட்கார வேண்டியதாயிற்று. எல்.டி.எல். எழுபது. நூற்றுத் தொண்ணூற்று நாலிலிருந்து எழுபது! இப்படி ஒரு இறக்கத்தை எந்த மில்லும் கண்டதில்லை. மில் முதலாளிகள் சங்கம் ஷீல்டு அறிவித்தது.

லாட்டு பாஸ் ஆகிவிட்டதால் அன்றே மாத்திரை நிறுத்தப்பட்டது. கேண்டீனில் எண்ணெய் திரும்பி வந்தது. கோடவுனைச் சுற்றி நடப்பதும் நின்றது. அந்த இடத்தில்தான் விழாப் பந்தல் போட வேண்டியிருந்தது. காளிச்சாமியின் மடியில், நாள் தவறினால் இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த நாலைந்து மாத்திரைகள் பஞ்சுக்கழிவுக்குள் மிஞ்சின. வைத்தியம் முடிந்தது என்று டாக்டரே சொன்ன பிறகு மாத்திரை தின்பது அவருக்கு அவமரியாதை என்று சுப்பையன் அவற்றை வாங்கவில்லை. தீபாவளியும் வந்தது. ஒறம்பரை, சொந்தபந்த வீடுகளில் இலையில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

விழா கார்த்திகையில். கருங்காலி மரத்தில் பித்தளை இதயம் பதித்த ஷீல்டு. ரெண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். வெற்றி பெற்ற டிபார்ட்மென்டின் மேஸ்திரி அதை ஒற்றை ஆளாகச் சுமந்து, மில்லின் எல்லாப் பகுதிக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மேடைக்கு வரவேண்டும் என்று ஈஸ்வரமூர்த்தி வரிசை எழுதியிருந்தார். படி ஒன்று, படி இரண்டு. நாதஸ்வரம் முன்னால் போக, சுப்பையன் பித்தளை இதயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பின்னாலேயே போன காளிச்சாமி, "குடுங்க மேஸ்திரிங்க, ஒரு கை புடிக்கறேன்" என்றான்.

"உட்ரா. போட்டோ எடுக்கறாங்க."

மேடையில் சேர்மன் பேசிக்கொண்டிருந்தார்: "கொழுப்புங்கறது வெளியில இருந்து வர்றதில்லீங்க. அது கட்டுப்பாடு இல்லாத எடத்துல தானா வர்றது. நம்ம மில்லுல கட்டுப்பாடு இருக்குது. அதனால கொழுப்பு இல்ல. சாட்சி? இதா வர்றாரு பாருங்க, நம்ம மேஸ்திரி!"

சுப்பையன் மேடையின் முதல் படியில் கால் வைத்தார். ஷீல்டை மட்டும் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வை.

டாக்டர் சாய்குமார் ஓடி வந்தார். முதலில் பேட்ஜைப் பார்த்தார். பச்சை.

"பயப்படாதீங்க, இவருக்கு ஹார்ட்டுல ஒண்ணுமில்ல. வாயு. ஓமத்தண்ணி கொண்டாங்க."

"ஐயா, நெஞ்சுங்க, நெஞ்சு!" என்று காளிச்சாமி கத்தினான். முப்பத்தொன்பது கிலோவின் சத்தம் நாதஸ்வரத்தைத் தாண்டவில்லை. ஓமத்தண்ணி வந்தது, குடிக்க ஆள் இல்லை. சேர்மன் பேச்சை முடித்த பிறகு வேன் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஆட்களையே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செல்லாத்தாள் மில்லுக்கு வந்தாள். ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்று கைகூப்பி, நாற்காலி போடச் சொல்லி, காப்பி வரவழைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அவிய எதுல போனாங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஊருல கேக்கறாங்க. நல்லா இருக்கறாருன்னு நீங்கதானுங்க பேட்ஜ் குடுத்தீங்க."

"அம்மணி, ரிப்போர்ட்டுப்படி அவருக்கு எந்தக் கொறையும் இல்லீங்க. எழுவது! அந்த மாதிரி ரத்தம் ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராதுங்க." வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த காளிச்சாமியைக் கையால் காட்டினார். "உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். இதா நிக்குது பாருங்க அந்த ரத்தம். இன்னைக்குக்கூட நேரத்துக்கு வேலைக்கு வந்திருக்குது."

செல்லாத்தாள் காளிச்சாமியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"அப்ப செத்தது யாருங்க?" என்றாள்.

"அதுக்குத் தனியா டெஸ்ட் எடுக்கோணுமுங்க அம்மணி. நம்ம முறையில அதுக்கு எடமில்லீங்க. காப்பி ஆறுது பாருங்க."

அந்த வாரமே வைண்டிங்குக்குப் புது மேஸ்திரி வந்தார். காரமடைக்காரர், நூற்றிரண்டு கிலோ, சாக்கும் கம்பியும் கழித்து நூறு. சுப்பையனின் சட்டையிலிருந்து கழற்றி வைத்திருந்த பச்சை பேட்ஜைத் துடைத்து அவருக்குக் குத்தினார்கள். அவர் அதைக் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டு, மாடிப்படி ஏறினார். நடுவழியில் நின்றார். மேலே ஏதோ மெசின் சத்தத்தைக் கவனிக்கிறவர் மாதிரி.

காளிச்சாமி விளக்குமாறைச் சாய்த்து வைத்துவிட்டு, ரெண்டு படி ஏறி, மடியிலிருந்து பஞ்சுக்கழிவுப் பொதியை எடுத்துப் பிரித்தான்.

"மேஸ்திரிங்க, கொழுப்புக்கு நல்லதுங்க. தெனம் ஒண்ணு. தண்ணியில கழுவிப்போட்டு முழுங்கிக்குங்க."

"ஏன் கழுவோணும்?"

"நான் நாக்குக்கடியில வெச்சிருந்ததுங்க."

புது மேஸ்திரி அவன் கையைத் தட்டிவிட்டார். மாத்திரைகள் படிப்படியாகத் தெறித்து இறங்கின. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார்.

காளிச்சாமி கீழே வந்து விளக்குமாறை எடுத்தான். மேலிருந்து பஞ்சுத்தூசி இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரைகளையும் அதோடு சேர்த்துக் கூட்டி அள்ளினான்.